அரைக்கட்டை இறக்கச் சொன்னால்: மாண்டலினில் ஸ்கேல் மாற்றி வாசிக்க ஒரு வழிகாட்டி

மாண்டலின் கையில் எடுத்து ஆறேழு மாதம் ஆகியிருந்தபோது, உறவுக்காரக் குழந்தை ஒன்றின் பிறந்தநாளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘ஹேப்பி பர்த்டே’ ஒன்றுதானே என்று ஒரு வாரமாக ஜி ஸ்கேலில் வாசித்துப் பழகியிருந்தேன். மெழுகுவத்தி ஏற்றியதும் நான் கம்பியை மீட்டும் பிக்கை எடுப்பதற்குள் பெரியம்மா ஒருவர் பாட்டை எடுத்துவிட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் சுருதியிலேயே சேர்ந்துகொண்டார்கள். என் ஜி ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். இரண்டு வரி வாசித்துப் பார்த்துவிட்டு, கம்பிகளைக் கையால் மூடிக்கொண்டு நானும் கைதட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பாட்டு தெரியும். அதைப் பத்து மில்லிமீட்டர் தள்ளி வைக்கத்தான் தெரியவில்லை.

கீபோர்டுக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டிவிட்டு, தெரிந்த கட்டைகளிலேயே விரலை ஓட்டுவார். கிட்டார்காரர் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டிக்கொள்வார். மாண்டலினுக்கும் கேப்போ கிடைக்கிறது. ஆனால் குட்டைக் கழுத்தும் இரட்டைக் கம்பியும் உள்ள வாத்தியத்தில் அதை மாட்டினால் ஜோடிகளின் சுருதி எளிதாக விலகும், விரலுக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு செட் கம்பி வாங்கலாம். மாண்டலினுக்குக் கேப்போ தேவையே இல்லாதபடி அதன் கம்பிகள் அமைந்திருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

கம்பிகள் சொல்லும் கணக்கு

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒரு ஜோடியை இனி ஒரே கம்பி என்றே சொல்கிறேன். தடித்தது 4ஆம் கம்பி, மெல்லியது 1ஆம் கம்பி. தடித்ததிலிருந்து வரிசையாக ஜி, டி, ஏ, இ. மேற்கத்திய வயலினுக்கும் இதே சுருதிதான். ஏ கம்பி 440 ஹெர்ட்ஸ்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் என்பது அரைக்கட்டை. 12 ஃப்ரெட் ஏறினால் ஒரு ஸ்தாயி. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே 7 ஃப்ரெட் இடைவெளி. அதாவது 4ஆம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஒலியும் 3ஆம் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றே. நம் பாஷையில் சொன்னால், எந்தக் கம்பியை ஸ என்று வைத்தாலும் அதற்கடுத்த மெல்லிய கம்பி அதன் ப. நான்கு கம்பியிலும் இந்த உறவு மாறாது. கிட்டாரில் இப்படிக் கிடையாது. அங்கே மற்றக் கம்பிகளுக்கு நடுவே 5 ஃப்ரெட், ஒரே ஒரு இடத்தில் மட்டும் 4. அந்த இடத்தைத் தாண்டும்போது விரல் வடிவம் உடைந்துவிடும். மாண்டலினில் உடையாது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

(மாண்டலின் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ். அவர் கச்சேரிகளில் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். இங்கே சொல்வது கடைகளில் கிடைக்கும் சாதாரண எட்டுக் கம்பி வாத்தியத்துக்கு.)

பாடுபவர்கள் ‘எனக்கு அஞ்சு கட்டை’ என்பார்கள், கிட்டார்காரர் ‘ஜி’ என்பார். இரண்டும் ஒன்றே. 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைகள் நடுவே வரும்: ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டரை இ ஃப்ளாட், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஏ ஃப்ளாட், ஆறரை பி ஃப்ளாட். மூன்றரையும் ஏழரையும் கிடையாது. ஹார்மோனியத்தில் அந்த இடங்களில் கறுப்புக் கட்டை இல்லாததைப் பார்த்தால் காரணம் புரியும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். மேடையில் யோசிக்க நேரம் இருக்காது.

ஃப்ரெட் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள்

புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் செய்வது, பாட்டை 0, 0, 2, 0, 5, 4 என்று ஃப்ரெட் எண்களாக (0 என்றால் விரல் வைக்காமல் சும்மா மீட்டும் கம்பி) நோட்டில் எழுதி வைப்பது. நானும் அப்படித்தான் ஒரு நோட்டு நிரப்பினேன். எண்கள் ஒரு ஸ்கேலுக்குத்தான் பொருந்தும். ஸ்கேல் மாறினால் நோட்டு குப்பை. அதையே ஸ்வரமாக எழுதினால் எந்தச் சுருதிக்கும் அதே எழுத்து போதும். ஸரிகம என்பதே இடம் மாறுவதற்காகப் பிறந்த முறை. ஸ எங்கே என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக உட்காரும். அமெரிக்காவில் நாஷ்வில் ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் கார்டுகளை (சேர்ந்தாற்போல் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) 1, 4, 5 என்று எண்ணால் குறித்துக்கொள்வதும் இதே வேலைக்குத்தான். சின்ன வயதில் பாட்டு வகுப்பில் ஸரளி வரிசை பாடியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது.

சங்கராபரணத்தின் ஸ்வரங்களை, அதாவது மேஜர் ஸ்கேலை, ஃப்ரெட் இடைவெளியாகச் சொன்னால் 2, 2, 1, 2, 2, 2, 1. இதை மாண்டலினில் வைத்துப் பாருங்கள். 4ஆம் கம்பியில் 0, 2, 4, 5 வாசித்தால் ஸ ரி க ம. 3ஆம் கம்பியில் அதே 0, 2, 4, 5 வாசித்தால் ப த நி ஸ. இரண்டு கம்பியிலும் விரல் ஒரே மாதிரி நகர்கிறது. முதல்முறை இதைக் கவனித்தபோது யாரோ நமக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது.

சரி, பிறந்தநாள் பாட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்தது, கீழ் ப-வில் தொடங்கி மேல் ப வரை சரியாக ஒரு ஸ்தாயிக்குள் அடங்குவது. ஸ்வரமாக எழுதினால்:

ப ப த ப ஸ நி
ப ப த ப ரி ஸ
ப ப ப’ க ஸ நி த
ம ம க ஸ ரி ஸ

மூன்றாம் வரியில் குறி போட்ட ப’ மட்டும் மேல் ப. மற்ற ப, த, நி எல்லாம் ஸ-வுக்குக் கீழே உள்ளவை.

இதை ஜி ஸ்கேலில் (5 கட்டை) 3ஆம் கம்பியிலும் 2ஆம் கம்பியிலும் வாசிப்போம். ஸ இருப்பது 3ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில். சும்மா மீட்டும் 3ஆம் கம்பி கீழ் ப.

முதல் வரி: 3ஆம் கம்பியில் 0, 0, 2, 0, 5, 4.
இரண்டாம் வரி: 3ஆம் கம்பியில் 0, 0, 2, 0. பிறகு 2ஆம் கம்பியில் 0. திரும்பவும் 3ஆம் கம்பியில் 5.
மூன்றாம் வரி: 3ஆம் கம்பியில் 0, 0. 2ஆம் கம்பியில் 5, 2. 3ஆம் கம்பியில் 5, 4, 2.
நான்காம் வரி: 2ஆம் கம்பியில் 3, 3, 2. 3ஆம் கம்பியில் 5. 2ஆம் கம்பியில் 0. 3ஆம் கம்பியில் 5.

விரல் வைப்பு: 2ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், 3க்கும் 4க்கும் நடுவிரல், 5க்கு மோதிர விரல். வாசிக்கும்போது ஸ்வரத்தை வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்க வேண்டாம். விரல் ‘5’ என்று நினைக்காமல் ‘ஸ’ என்று நினைக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தெரியாத பாட்டில் ஸ எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான பாட்டுகள் பல்லவியின் முடிவில் ஸ-வில் வந்து உட்காரும். பாட்டை முணுமுணுத்து, ‘அப்பாடா, வீட்டுக்கு வந்துவிட்டோம்’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒலியைக் கம்பியில் தேடிப் பிடியுங்கள். சந்தேகமிருந்தால் அந்த ஒலியை விடாமல் மீட்டிக்கொண்டே பாட்டைப் பாடிப் பாருங்கள். தம்பூரா மாதிரி எல்லா இடத்திலும் ஒட்டினால் அதுதான் ஸ.

ஒரு கம்பி தள்ளுங்கள்

இப்போது அதே பாட்டை, ஒரு ஃப்ரெட் எண்ணைக்கூட மாற்றாமல், 4ஆம் கம்பியிலும் 3ஆம் கம்பியிலும் வாசியுங்கள். 3ஆம் கம்பி என்று எழுதிய இடத்தில் 4ஆம் கம்பி, 2ஆம் கம்பி என்று எழுதிய இடத்தில் 3ஆம் கம்பி. விரல்கள் அதே 0, 2, 3, 4, 5. பாட்டு சி ஸ்கேலுக்கு, 1 கட்டைக்கு, வந்துவிட்டது.

திரும்ப ஜி-க்குப் போய், இந்த முறை மெல்லிய பக்கம் தள்ளி 2ஆம் கம்பியிலும் 1ஆம் கம்பியிலும் வாசியுங்கள். டி ஸ்கேல். ஒரே விரல் வடிவத்தில் மூன்று ஸ்கேல் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் பாடுபவர்களோடு வாசிக்கும்போது இதற்கு நேரடியான பயன் ஒன்று உண்டு. கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பெரும்பாலும் 1, ஒன்றரைக் கட்டையைச் சுற்றிப் பாடுவார்கள், பெண்கள் 5, ஐந்தரையைச் சுற்றி. இரண்டுக்கும் உள்ள தூரம் ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம். மாண்டலினில் அது ஒரு கம்பி. அண்ணன் சி-யில் பாடிய பாட்டைத் தங்கை ஜி-யில் பாட வந்தால், நீங்கள் கையை ஒரு கம்பி நகர்த்தினால் முடிந்தது.

திறந்த கம்பியை மூடுங்கள்

கம்பி தள்ளுவதில் மூன்று ஸ்கேல்தான் கிடைக்கும். மிச்சம் ஒன்பதுக்கு 0 என்ற எண்ணை ஒழிக்க வேண்டும். சும்மா மீட்டும் கம்பி, தானாக நகராது. அது ஜி என்றால் என்றைக்கும் ஜி. எல்லா ஸ்வரமும் விரலுக்குக் கீழே இருந்தால்தான் கையோடு பாட்டும் நகரும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் சலிப்படைந்து விட்டுவிடுவார்கள். இரண்டு வாரம் தாங்கிவிட்டால் போதும்.

ஜி-யில் வாசித்ததன் எல்லா எண்ணோடும் 2 கூட்டுங்கள். 0 இருந்த இடத்தில் 2, 2 இருந்த இடத்தில் 4, 5 இருந்த இடத்தில் 7. முதல் வரி 2, 2, 4, 2, 7, 6 ஆகிறது. கம்பிகள் அதே 3ஆவதும் 2ஆவதும். பாட்டு ஒரு முழுக்கட்டை ஏறி ஏ ஸ்கேலுக்கு வந்துவிட்டது.

ஆனால் விரல் வைப்பு மாறும். ஆள்காட்டி விரல் 2ஆம் ஃப்ரெட்டிலேயே குடியிருக்க வேண்டும். நடுவிரல் 4இல். மோதிர விரல் 2ஆம் கம்பியில் 5ஐயும் 3ஆம் கம்பியில் 6ஐயும் பார்த்துக்கொள்ளும். சுண்டு விரல் 7இல். சுண்டு விரல் முதலில் மறுக்கும், இரட்டைக் கம்பியை அழுத்தத் திராணியில்லாமல் ‘டப்’ என்று செத்த ஒலி வரும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதன் பின்பக்கம் அழுத்துங்கள். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் தேவைப்படும், ஒலியும் வராது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் சுண்டு விரலை வதைக்க வேண்டாம்.

ஆள்காட்டி விரல் இருக்கும் ஃப்ரெட்டை ‘அடி ஃப்ரெட்’ என்று வைத்துக்கொள்வோம். இது நானே வைத்துக்கொண்ட பெயர், வேறெங்கும் தேடாதீர்கள். இனி ஸ்கேல் மாற்றுவது என்பது அடி ஃப்ரெட்டை மாற்றுவது மட்டுமே.

4, 3ஆம் கம்பிகளில் வாசித்தால்: அடி 0 சி, 1 சி ஷார்ப், 2 டி, 3 இ ஃப்ளாட், 4 இ, 5 எஃப், 6 எஃப் ஷார்ப்.
3, 2ஆம் கம்பிகளில் வாசித்தால்: அடி 0 ஜி, 1 ஏ ஃப்ளாட், 2 ஏ, 3 பி ஃப்ளாட், 4 பி.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. எல்லா ஸ்கேலும் வந்துவிட்டது. அடி 6 என்றால் சுண்டு விரல் 11ஆம் ஃப்ரெட் வரை போகும். தூரம் என்று பயப்பட வேண்டாம், மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கிவிடும். அங்கே விரல் எட்டாத பிரச்சினை கிடையாது, விரல்கள் ஒன்றையொன்று இடிக்கும் பிரச்சினைதான்.

ஒரு இழப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜி, டி, ஏ ஸ்கேல்களில் திறந்த கம்பிகள் கூடவே அதிர்ந்து வாத்தியம் நிறைவாகப் பாடும். பி ஃப்ளாட்டிலும் இ ஃப்ளாட்டிலும் அந்த ரீங்காரம் குறையும். அமெரிக்க நாட்டுப்புற ஃபிடில் மெட்டுகளும் ஐரிஷ் மெட்டுகளும் பெரும்பாலும் டி, ஜி, ஏ-யிலேயே சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட மெட்டுகளை வாத்தியமாக மட்டும் வாசிக்கும்போது ஸ்கேல் மாற்றாதீர்கள், அவை பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். மாற்ற வேண்டியது பாடுபவருக்காக மட்டும்.

பாடுபவரைப் பிடிப்பது

பிறந்தநாள் கூடத்துக்குத் திரும்புவோம். பெரியம்மா பாட்டை எடுக்கிறார். முதல் சொல்லே கீழ் ப. நம் விரல் வடிவத்தில் கீழ் ப எங்கே இருக்கிறது? அடி ஃப்ரெட்டில். அப்படியென்றால் அவர் எடுத்த முதல் ஒலியை 4ஆம் கம்பியிலோ 3ஆம் கம்பியிலோ தேடிப் பிடித்து, அங்கே ஆள்காட்டி விரலை வைத்துவிட்டால் போதும். மிச்சப் பாட்டு கையில் இருக்கிறது. ஸ்கேலின் பெயர்கூடத் தெரிய வேண்டாம்.

உதாரணமாக அவர் ஒலி 4ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் ஒட்டினால், அடி 3. பக்கத்தில் கிட்டார்காரர் ‘என்ன ஸ்கேல்?’ என்று கேட்டால், அடியிலிருந்து அதே கம்பியில் 5 ஃப்ரெட் மேலே போங்கள். அதுதான் ஸ. இங்கே 8ஆம் ஃப்ரெட், இ ஃப்ளாட், இரண்டரைக் கட்டை.

தேடும்போது ஆரம்பத்தில் ஒரு வரி போய்விடும். போகட்டும், இரண்டாம் வரியில் சேர்ந்துகொள்ளலாம். மெதுவாக ஒற்றைக் கம்பியில், பிக்கை லேசாகத் தொட்டுத் தேடுங்கள். ஆண் குரல் என்றால் நீங்கள் பிடிப்பது அவருக்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும், அதனால் தப்பில்லை.

முன்கூட்டியே பேச வாய்ப்பிருந்தால் இன்னும் சுலபம். பாட்டின் மிக உயரமான இடத்தை மட்டும் பாடிக் காட்டச் சொல்லுங்கள். பல்லவியைப் பாடச் சொன்னால் எல்லாரும் சுகமாகப் பாடிவிட்டு, சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்க நிற்பார்கள். உயர இடம் சுகமாக இருக்கும் சுருதியே அவர் சுருதி. ‘அரைக்கட்டை இறக்குங்க’ என்றால் அடி ஃப்ரெட்டில் ஒன்று குறையுங்கள். ‘ஒரு கட்டை ஏத்துங்க’ என்றால் இரண்டு கூட்டுங்கள்.

கிட்டார்காரர் ‘நான் ஜி-ல வாசிக்கிறேன்’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். கேப்போ எத்தனையாவது ஃப்ரெட்டில் என்று கேளுங்கள். அவர் விரல் வைப்பது ஜி, கேப்போ 2இல் என்றால் வெளியே வருவது ஏ. அதேபோல் கீபோர்டுக்காரரிடம் ட்ரான்ஸ்போஸ் எண் என்ன என்று கேளுங்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, தங்கள் விரலைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

கீழே இடமில்லாவிட்டால்

ஜி-யில் அடி 0 வைத்து வாசிக்கும் பாட்டை ஒரு முழுக்கட்டை இறக்கி எஃப்-க்குக் கொண்டுபோகச் சொன்னால்? பூஜ்யத்துக்குக் கீழே ஃப்ரெட் இல்லை. ஒரு கம்பி தடித்த பக்கம் போய், 5 ஃப்ரெட் ஏறுங்கள். ஒரு கம்பி இறங்கினால் 7 குறையும், 5 ஏறினால் மொத்தம் 2 குறைந்திருக்கும். ஒரு முழுக்கட்டை. அரைக்கட்டை மட்டும் இறங்க வேண்டுமென்றால் ஒரு கம்பி இறங்கி 6 ஏறுங்கள். ஸ-விலிருந்து ம-வுக்கு, அதாவது 5 ஃப்ரெட் உயர்த்த வேண்டுமானால் ஒரு கம்பி மெல்லிய பக்கம் போய் 2 இறங்குங்கள். ஸ்தாயி மாற்ற, இரண்டு கம்பி தடித்த பக்கம் போய் 2 ஃப்ரெட் ஏறினால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இவற்றை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும், அப்புறம் மறக்காது.

எல்லாப் பாட்டும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்காது. ஒன்றரை ஸ்தாயி ஓடும் சினிமாப் பாட்டு மூன்று கம்பிகளைக் கேட்கும். அதைப் பக்கவாட்டில் ஒரு தடவைதான் தள்ள முடியும், பிறகு கம்பி தீர்ந்துவிடும். அப்போது ஓரிரு ஸ்வரம் கைக்கு எட்டாமல் போனால், அந்தத் துண்டை மட்டும் ஸ்தாயி மாற்றி வாசியுங்கள். ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்றினால் தூக்கிப் போட்ட மாதிரி கேட்கும். முழு வரியாக மாற்றினால் வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

கார்டுகளும் கூடவே நகர வேண்டும்

பாடுபவருக்குப் பின்னால் தாளத்துக்குக் கார்ட் வாசிப்பவர்களுக்கு இந்தப் பகுதி. கார்டுகளையும் ஸ்வரத்தாலேயே எழுதுங்கள். பிறந்தநாள் பாட்டுக்கு மூன்றே கார்டுகள்: ஸ, ம, ப. ஜி ஸ்கேலில் அவை ஜி, சி, டி. ஏ-யில் ஏ, டி, இ. எஃப்-இல் எஃப், பி ஃப்ளாட், சி. மேஜர் ஸ்கேல் பாட்டில் ரி, க, த மேல் வரும் கார்டுகள் வழக்கமாக மைனர். எந்த ஸ்கேலுக்கு மாற்றினாலும் மைனர் மைனராகவே இருக்கும்.

முதல் வரியில் ‘பர்த்’ என்ற இடத்தில் ஸ கார்ட், ‘யூ’ வரும்போது ப. இரண்டாம் வரி ப-விலேயே ஓடி ‘யூ’வில் ஸ-வுக்குத் திரும்பும். மூன்றாம் வரி ஸ-வில் போய், குழந்தையின் பெயர் வரும் இடத்தில் ம. கடைசி வரியில் ‘பர்த்டே’வுக்கு ஸ, ‘டு’வுக்கு ப, ‘யூ’வுக்கு ஸ.

இதற்கு ஒரே ஒரு மூன்று கம்பி வடிவம் போதும். 3ஆம் கம்பியில் 5, 2ஆம் கம்பியில் 2, 1ஆம் கம்பியில் 3. மோதிர விரல் 5இல், ஆள்காட்டி 2இல், நடுவிரல் 3இல். 4ஆம் கம்பியைத் தொடாமல் விடுங்கள். இது ஜி. மோதிர விரல் எந்த ஸ்வரத்தில் இருக்கிறதோ அதுவே கார்டின் பெயர்.

இதே வடிவத்தை அப்படியே ஒரு கம்பி தடித்த பக்கம் தள்ளினால் 4ஆம் கம்பியில் 5, 3ஆம் கம்பியில் 2, 2ஆம் கம்பியில் 3. இது சி, அதாவது ம. இப்போது 1ஆம் கம்பியை விட்டுவிட வேண்டும். அங்கிருந்து 2 ஃப்ரெட் ஏற்றினால் 7, 4, 5. இது டி, அதாவது ப. மூன்று கார்டும் ஒரே கை வடிவம். ஏ ஸ்கேல் வேண்டுமா, எல்லாவற்றையும் 2 ஃப்ரெட் ஏற்றுங்கள். பி ஃப்ளாட்டுக்கு 3.

ஸ கார்ட் 4ஆம் கம்பியில் தொடங்கும் ஸ்கேல் என்றால் திசை மாறும். சி-யை எடுத்துக்கொண்டால் 4ஆம் கம்பியிலிருந்து 5, 2, 3 ஸ கார்ட். ஒரு கம்பி மெல்லிய பக்கம் தள்ளினால் ஜி, அது ப. அங்கிருந்து 2 ஃப்ரெட் இறக்கினால் எஃப், அது ம. இரண்டு வழியையும் பத்துப் பத்து தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மூடிய கார்டில் ஒரு நன்மை, மீட்டியதும் விரலை லேசாகத் தளர்த்தினால் ஒலி உடனே நின்றுவிடும். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் மாண்டலின்காரர்கள் மத்தளம் மாதிரி ‘சக், சக்’ என்று இரண்டாம் தட்டில் அடிப்பது இப்படித்தான். அந்த இசையின் முன்னோடி மாண்டலின் கலைஞர் பில் மன்றோ வாசித்ததைக் கேட்டால் தெரியும், அந்தக் குழுவில் டிரம்ஸ் இல்லாத குறையை மாண்டலினே பார்த்துக்கொள்ளும். பிறந்தநாள் பாட்டு மூன்று தட்டுத் தாளம், அதற்கு முதல் தட்டை நீளமாக விட்டு அடுத்த இரண்டை வெட்டுங்கள்.

மேலே போனால் சுருதி விலகுகிறதா?

அடி 4, 5இல் வாசிக்கும்போது சுருதி சேராமல் கேட்டால் உங்கள் விரலைத் திட்டுவதற்கு முன் பாலத்தைப் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பாருங்கள். மாண்டலினின் பாலம் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் கொண்டுபோகும்போது நகர்ந்துவிடும். திறந்த கம்பியில் வாசிக்கும்வரை இது தெரியாது. மூடிய வடிவத்தில் மேலே போகும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

12ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே லேசாக விரலை வைத்து மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயரமாக இருந்தால் பாலத்தைக் கழுத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நகர்த்துங்கள், தாழ்வாக இருந்தால் கழுத்தின் பக்கம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நகர்த்துங்கள். எட்டையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள், பாலம் கையோடு வந்துவிடும். பழைய கம்பியாக இருந்தால் பாலத்தில் கை வைப்பதற்கு முன் புதுக் கம்பி போடுங்கள். துருப்பிடித்த கம்பியை எந்தப் பாலமும் சரிசெய்யாது.

எப்படிப் பழகுவது

முதல் வாரம் பிறந்தநாள் பாட்டை சி, ஜி, டி மூன்றில் மட்டும் வாசியுங்கள், ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே. இரண்டாம் வாரம் அடி 2க்குப் போங்கள். அது சுலபமான பிறகு அடி 3, அதன் பின் 1. அடி 1 கடைசியாக வருவது வேண்டுமென்றே. ஃப்ரெட் அகலம் அங்கேதான் அதிகம், சுண்டு விரலை நன்றாகவே இழுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஸ்கேல் என்று வைத்தால் ஆறு நாளில் பன்னிரண்டும் ஒரு சுற்று வந்துவிடும். ஏழாம் நாள் கம்பி துடையுங்கள்.

பிறகு மைனர் சாயலுள்ள ஒரு பாட்டையும் மூன்று கம்பி கேட்கும் ஒரு பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் எழுதுவது, ஸ கண்டுபிடிப்பது, திறந்த கம்பி, மூடிய வடிவம், இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

வீட்டில் யாராவது சமையல் செய்துகொண்டே பாடினால் அதுதான் நல்ல பரீட்சை. அவர்களிடம் சுருதி கேட்காதீர்கள். அவர்கள் பாடும் சுருதியில் பாதிப் பாட்டுக்குள் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அடுத்த பாட்டு எப்படியும் வரும்.